நான்கு எல்லையும் எழுதிய கல்

(அம்பத்தூரில் உள்ளூர் வாசகர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'மேற்குப் புறநகரின் முன்னோடிகளும் நினைவுச் சின்னங்களும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "மயிலாப்பூர்ல பேசலாம், ஜார்ஜ் டவுன்ல பேசலாம். அம்பத்தூர்ல என்னய்யா வரலாறு? எல்லாம் கம்பெனிதானே" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. எல்லாம் கம்பெனிதான். அந்தக் கம்பெனிகளே வரலாறாகிவிட்டன என்பது அவர் கவனிக்காத மீதிப் பாதி.

அண்ணா நகர்ப் பக்கமிருந்து ஆவடிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்காருங்கள். கண்டக்டர் குரல் கொடுத்துக்கொண்டே வருவார்: "லூகாஸ் எறங்கு... பிரிட்டானியா... எஸ்டேட்... டன்லப்... ராக்கி தியேட்டர்... ஓ.டி. எல்லாம் எறங்கு." 1959-இல் இங்கே டன்லப் டயர் ஆலை வந்தது. இன்று அங்கே டயர் வார்ப்பதில்லை. நிறுத்தம் மட்டும் இருக்கிறது. அந்த ஆலை ஓடியபோது பிறந்தே இராத பெண் பிள்ளை, "டன்லப் ஒண்ணு" என்று சில்லறையை நீட்டுகிறாள். ஓ.டி. என்றால் 'ஓல்டு டவுன்', அதாவது தொழிற்பேட்டை வருவதற்கு முந்தைய பழைய அம்பத்தூர். ஆலைத் தொழிலாளியைக் கேட்டால் ஓ.டி. என்றால் ஓவர்டைம் என்பார். அதுவும் இந்த ஊர் வரலாறுதான்.

ஆகவே நம் வட்டாரத்தில் நினைவுப் பலகை நட்ட பெருமை தொல்லியல் துறையைவிட மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்கே அதிகம் சேரும். ஆனால் கண்டக்டர் நட்ட பலகையில் ஒரு குறை உண்டு. அது பெயரைச் சொல்லும். அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது, யாருடையதாக இருந்தது என்று சொல்லாது. இன்று நான் பேசப்போவது இந்தக் குறையைப் பற்றித்தான்.

முதலில் கொஞ்சம் வெளியூர் போய் வருவோம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் சாலையோரத்தில் ஒரு கல்லோ உலோகப் பலகையோ இருக்கும். 'முதல் குடியேறிகளின் வண்டி இந்த வழியே போயிற்று', 'முதல் மரவீடு இங்கே இருந்தது' என்று எழுதியிருக்கும். இந்தக் கல் நடும் பழக்கத்தை அங்கே பரப்பியவர்களில் ஒருவர் எஸ்ரா மீக்கர். 1852-இல் இளைஞராக மாட்டு வண்டியில் ஆரிகன் பாதை வழியே மேற்கே குடியேறியவர். அந்தத் தடம் உழவிலும் ரயிலிலும் அழிந்துகொண்டிருப்பதைப் பார்த்து, 1906-இல், தம் 75ஆவது வயதில், மறுபடியும் மாடுகளைப் பூட்டிக்கொண்டு வந்த வழியே கிழக்கு நோக்கிக் கிளம்பினார். போகும் ஊரிலெல்லாம் மக்களைக் கூட்டிப் பேசி, பணம் சேர்த்துக் கல் நட வைத்தார். அடுத்த ஆண்டு வாஷிங்டன் போய்ச் சேர்ந்து குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டையும் பார்த்துவிட்டார். அந்தக் கிழவரின் பிடிவாதத்துக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் அவர் போன வழியில் கல்லில் ஏறாதவர்கள் இருந்தார்கள். அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்த பழங்குடிகளுக்கு 'முதல் குடியேறி' என்ற சொல்லே பொருந்தாது. நூறாண்டு கழித்து அந்தக் கணக்கு திரும்பி வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பாதிரியார், ஒரு மாடு மேய்ப்பவர், அவர்கள் காலடியில் விழுந்து கிடக்கும் ஒரு பழங்குடி மனிதர் என்று இருந்த சிலைத் தொகுதியை நகர நிர்வாகமே 2018-இல் எடுத்துவிட்டது. ஆரிகன் பல்கலைக்கழகத்தில் 1919-இலிருந்து நின்ற 'முன்னோடி' சிலையை 2020-இல் போராட்டக்காரர்கள் கயிறு கட்டிச் சாய்த்தார்கள். சிலையைச் சாய்ப்பதில் எனக்கு உற்சாகம் கிடையாது. ஆனால் முதல் கல்லிலேயே இரண்டு வரி கூடுதலாக எழுதியிருந்தால் இந்தக் கயிறு தேவைப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

'முதல் மனிதர்' என்ற போட்டியில் இறங்கினால் நம் பக்கத்தை யாரும் ஜெயிக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆவடியைத் தாண்டி, திருவள்ளூர் தாண்டி, பூண்டிப் பக்கம் போனால் கொற்றலையாற்றுப் படுகையில் அதிரம்பாக்கம். 1863 மே மாதம் பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழியில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு சேர்ந்து அதிரம்பாக்கத்தைக் கண்டார். தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் அங்கே பல ஆண்டுகள் அகழ்ந்து, 2011-இல் வெளியிட்ட முடிவின்படி அந்தக் கைக்கோடரிகளின் வயது குறைந்தது 10 லட்சம் ஆண்டு. சராசரியாகப் பார்த்தால் 15 லட்சம் ஆண்டு. அவற்றைச் செதுக்கியவர்கள் நம் மனித இனமே இல்லை. நம் இனம் அப்போது தோன்றவே இல்லை. ஆகவே "எங்க பாட்டன் முப்பாட்டன் காலத்துல இருந்தே இது எங்க ஊர்" என்று யாராவது மார்தட்டினால், பூண்டியில் உள்ள தொல்பழங்கால அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை அவரை அழைத்துப் போங்கள். அந்தக் கைக்கோடரி முன்னால் நாம் எல்லாருமே வந்தேறிகள்தான்.

சரி, கல் நடுவது நமக்குப் புதிதா? உலகத்தில் கல் நடுவதற்கே இலக்கணம் எழுதிய மொழி தமிழ். கல்லைப் பார்த்துத் தேர்வது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது என்று படிப்படியாக முறை சொல்கிறது தொல்காப்பியம். திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மன் காலத்தது. மாட்டு மந்தையைக் காக்கப் போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. கல்லில் அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர்களைக் கடித்து நின்றது என்றும் அதே கல்லில் எழுதியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டுக்காரன் நாயின் பெயரைக்கூட விடவில்லை.

இப்போது நம் தெருவில் உள்ள அடிக்கல் ஒன்றைப் போய்ப் பாருங்கள். கறுப்புப் பளிங்கு, தங்க நிற எழுத்து. மேலே திட்டத்தின் பெயர், மதிப்பீடு இத்தனை லட்சம். அதன்கீழ் பெரிய எழுத்தில் ஒரு பெயர். அதற்குக் கொஞ்சம் சிறிய எழுத்தில் 'முன்னிலை' என்று நாலு பெயர். இன்னும் சிறிய எழுத்தில் 'வாழ்த்துரை' என்று ஏழெட்டுப் பெயர். கடைசியில் தேதி. எழுத்தின் அளவைப் பார்த்தே அன்றைக்கு யார் எந்தப் பதவியில் இருந்தார் என்று சொல்லிவிடலாம். அந்த வகையில் அதுவும் ஒரு வரலாற்று ஆவணம். நிலம் யாருடையது, கட்டியவர் யார், கொத்தனார் யார், சித்தாள் யார் என்று ஓர் எழுத்து கிடையாது. ஆட்சி மாறினால் மேலே சுண்ணாம்பு. சுண்ணாம்பு காய்ந்தால் மஞ்சள் நீராட்டு விழா போஸ்டர். கோவிவனுக்குக் கிடைத்த மரியாதை நம் கொத்தனாருக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு மரபும் நமக்கு உண்டு. பூந்தமல்லிக்குத் தெற்கே குன்றத்தூர். அங்கே பிறந்த சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ நாட்டு அமைச்சராக இருந்தவர். அவர் பாடிய பெரிய புராணத்தை பக்தி நூலாகவே படித்துப் பழகிவிட்டோம். ஒருமுறை அதை ஊர்ப்பட்டியலாகப் படித்துப் பாருங்கள். அடியார் எந்த ஊர், எந்தக் குலம், என்ன தொழில் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் அவர் கதையைத் தொடங்குகிறார். குயவர் உண்டு, வண்ணார் உண்டு, செக்கோட்டுபவர் உண்டு, மீன் பிடிப்பவர் உண்டு. நம் திருவேற்காட்டுக்காரரான மூர்க்க நாயனார் சூதாடி. சூதில் ஜெயித்த பணத்தில் அடியார்களுக்குச் சோறு போட்டவர். உள்ளூரில் இவரோடு ஆட ஆளில்லாமல் போய், வெளியூர் கிளம்பிக் கும்பகோணம் வரை போனார். சேக்கிழார் இதை மறைக்கவில்லை. இன்றைக்கு ஒரு குழு உட்கார்ந்து திருவேற்காட்டுக்குப் பலகை எழுதினால் சூதாட்டத்தைத்தான் முதலில் வெட்டும்.

ஆவடிக்கு மேற்கே திருநின்றவூர். அங்கே பூசலார். கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. மனத்துக்குள்ளேயே நாள் பார்த்து, அஸ்திவாரம் எடுத்து, கல் கல்லாக அடுக்கி, குளமும் மதிலும் அமைத்துக் குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்டார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் உண்மையான கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான். அவன் கனவில் இறைவன் வந்து, "நான் திருநின்றவூருக்குப் போக வேண்டியிருக்கிறது, நீ தேதியைத் தள்ளிவை" என்றான். மன்னன் தேடிக்கொண்டு ஊருக்கு வந்து, "பூசலார் கட்டிய கோயில் எங்கே?" என்று கேட்க, ஊராருக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்று திருநின்றவூரில் இருதயாலீசுவரர் கோயில் இருக்கிறது. இல்லாத கட்டடத்துக்காக எழுந்த நினைவுச் சின்னம் உலகில் வேறெங்காவது உண்டா என்று கேட்க எனக்கு ஆசை. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் கோயில்கூட இல்லை. கல்லில் கட்டிய அரசனின் தேதியைக் காசில்லாத ஒருவருக்காகத் தள்ளிவைத்த இடம்தான்.

பக்கத்திலேயே திருமுல்லைவாயில். தொண்டைமான் படையோடு வந்தபோது யானையின் கால் முல்லைக் கொடியில் சிக்கியது. அவன் வாளால் கொடியை வெட்ட, லிங்கத்தின் மேல் பட்டு ரத்தம் வந்தது என்பது தலபுராணம். குறும்பர்களை வென்று கொண்டுவந்ததாகச் சொல்லும் இரண்டு வெள்ளெருக்கந் தூண்கள் சன்னிதி முன்னால் இருக்கின்றன. நந்தி இறைவனைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும். மன்னனுக்குத் துணையாகப் போருக்குக் கிளம்பிய கோலம் என்பார்கள். வரலாற்றுக்காரர்கள் இதை வேறு மாதிரி படிக்கலாம். காடு திருத்தி நாடாக்கியபோது அங்கே முன்பே இருந்த குறும்பர்கள் தோற்றார்கள். தோற்றவர்கள் கோட்டைத் தூண் ஜெயித்தவர்கள் கோயிலில் நிற்கிறது. ஆனால் ஒன்று: புராணம் 'குறும்பர்' என்ற பெயரை அழித்துவிடவில்லை. தோற்றவன் பெயரும் கதையில் இருக்கிறது.

இனி பூந்தமல்லி. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

வருடா வருடம் ஆகஸ்ட் 22-ஐச் சென்னை தினமாகக் கொண்டாடுகிறோம். 1639-இல் அந்தத் தேதியில்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடற்கரையில் ஒரு துண்டு மணல் வெளி எழுதிக் கொடுக்கப்பட்டது. வாங்கப் பேசியவர் பிரான்சிஸ் டே. கொடுத்தவர் விஜயநகர அரசின்கீழ் இந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடப்ப நாயக்கர்; அவர் இருப்பு வந்தவாசி. அவர் தம்பி ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்துகொண்டு கடற்கரைப் பகுதியைப் பார்த்துக்கொண்டார். வெள்ளைக்காரரை இந்தப் பக்கம் அழைத்து வந்து பேச்சை முடித்ததில் அவர் பங்கு பெரிது. அவர்களுடைய தந்தை சென்னப்பர் பெயரால்தான் சென்னப்பட்டினம். அதாவது அன்றைக்கு அதிகாரி இருந்த ஊர் பூந்தமல்லி; அதன் ஆளுகைக்கு உட்பட்ட மணல்மேடுதான் பின்னாளில் சென்னை ஆயிற்று. இன்று பூந்தமல்லிக்காரர், "சிட்டிக்குப் போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுகிறார். காலம் செய்த கூத்து இது.

சென்னை தின விழாக்கள் பெரும்பாலும் கோட்டையிலும் ஜார்ஜ் டவுனிலும் மயிலாப்பூரிலும் நடக்கின்றன. பூந்தமல்லியில் ஐயப்ப நாயக்கர் பெயரில் ஒரு கல் என் கண்ணில் பட்டதில்லை. நிலம் வாங்கியவன் இறங்கிய கரையைக் கொண்டாடுகிறோம். நிலம் கொடுத்தவன் உட்கார்ந்த ஊரை விட்டுவிடுகிறோம். அவர் கொடுத்தது சரியா தப்பா என்பது தனி விவாதம். விவாதிக்கவாவது ஒரு பலகை வேண்டாமா?

அதற்கும் முன்னால், பதினோராம் நூற்றாண்டில், இதே ஊரில் பிறந்தவர் திருக்கச்சி நம்பிகள். இங்கே நந்தவனம் வைத்து, பூவைத் தொடுத்து எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளிடம் போவார். அங்கே ஆலவட்டம் வீசுவது அவர் கைங்கரியம். ராமானுஜர் அவரைக் குருவாக எண்ணினார். பிராமணரல்லாத அந்தப் பெரியவர் ராமானுஜர் வீட்டில் உண்ட பிறகு ராமானுஜரின் மனைவி இடத்தைக் கழுவித் தீட்டுக் கழித்ததும், அது ராமானுஜரை எவ்வளவு புண்படுத்தியது என்பதும் வைணவர் வீடுகளில் இன்றும் சொல்லும் செய்தி. பூந்தமல்லி வரதராஜர் கோயிலில் நம்பிகளுக்குச் சன்னிதி இருக்கிறது. ஊரில் 17ஆம் நூற்றாண்டுப் பள்ளிவாசல் ஒன்றும் உண்டு, கோல்கொண்டா ஆட்சியின் நினைவாக. பிறகு வெள்ளைக்காரப் படையின் கன்டோன்மென்ட். பூந்தமல்லி நெடுஞ்சாலை இன்று பெரியார் ஈ.வெ.ரா. சாலை. அந்த வழியில் குமணன்சாவடி, கரையான்சாவடி என்று நிறுத்தங்கள். கால்நடையாக வந்தவர்கள் இளைப்பாறிய சாவடிகள் போய், பெயர்கள் மட்டும் மிஞ்சின. இப்போது தலைக்கு மேலே மெட்ரோ பாலம்.

ரயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். ரயில் ஆர்வலர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்தியாவில் முதல் தண்டவாளம் என்றால் பள்ளிப் பிள்ளைகள் 1853, பம்பாய்–தானே என்பார்கள். பயணிகள் ரயிலுக்கு அது சரி. ஆனால் 1837 வாக்கிலேயே நமக்கு வடக்கே செங்குன்றத்தில், சென்னைச் சாலைகளுக்கான கல்லைக் கொண்டுவரத் தண்டவாளம் போட்டாயிற்று. அதில் முனைந்து நின்றவர் ஆர்தர் காட்டன். நீராவி எந்திரத்தை வைத்தும் சோதித்தார்கள். பெரும்பாலும் இழுத்தவை மாடுகளும் குதிரைகளும்தான். பின்னால் கோதாவரியில் அணை கட்டிய அதே காட்டனுக்கு ஆந்திரத்தில் ஊருக்கு ஊர் சிலை. செங்குன்றத்தில் அவர் பேச்சே இல்லை. அப்புறம் 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர், நம் வயல்களையும் ஏரிகளையும் கிழித்துக்கொண்டு இதே வழியில்தான் ஓடியது. ராயபுரம் நிலையத்துக்கு இருக்கும் புகழில் பத்தில் ஒரு பங்காவது இந்தப் பாதைக்கும் சேர வேண்டும்.

ஆவடிக்கு வருவோம். 1955 ஜனவரியில் காங்கிரஸின் 60ஆவது மாநாடு ஆவடியில் நடந்தது. தலைவர் யு.என். தேபர், முதலமைச்சர் காமராஜர், வந்தவர் நேரு. 'சோஷலிச மாதிரியான சமுதாயம்' என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. அரசியல் அறிவியல் படிக்கும் மாணவர்கள் நாடு முழுக்க 'ஆவடித் தீர்மானம்' என்று எழுதி மார்க் வாங்குகிறார்கள். ஆவடி எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். மாநாட்டு நகருக்கு வைத்த பெயர் சத்தியமூர்த்தி நகர். காமராஜரின் அரசியல் குருநாதர் சத்தியமூர்த்தி. சென்னை மேயராக இருந்தபோது மாநகரின் தண்ணீர்ப் பஞ்சத்துக்காக அரசோடு மல்லுக்கட்டிப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழி செய்தார். 1940-இல் அடிக்கல் நட்டார்கள். 1944-இல் வேலை முடிந்தது. இடையில், 1943 மார்ச்சில், அவர் இறந்துபோனார். நீர்த்தேக்கத்துக்குப் பிறகு அவர் பெயரையே வைத்தார்கள். வேலை முடிந்ததைப் பார்க்காதவர் பெயர் அந்த வேலைக்கு நிலைத்தது நம் வட்டாரத்தில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று.

தீர்மானம் போட்ட ஊருக்கே அரசுத் தொழிற்சாலைகள் வந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே ராணுவம் கால் பதித்திருந்த ஊர் இது. 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை. அதிலிருந்து விஜயந்தா டாங்கி. 1971 போரில் அது களத்தில் இருந்தது. இன்று வயதான விஜயந்தாக்கள் பல ஊர்களில் பீடத்தின் மேல் நினைவுச் சின்னமாக உட்கார்ந்திருக்கின்றன. பிள்ளைகள் அதன் குழாயைப் பிடித்துத் தொங்கி போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இரும்பை வெல்டிங் செய்த கை ஆவடிக் கை என்று அங்கே யாருக்கும் தெரியாது.

அம்பத்தூர் கதை கொஞ்சம் முந்தியே தொடங்கியது. 1949-இல் முருகப்பா குடும்பமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸை ஆரம்பித்தார்கள். ஹெர்குலிஸ் சைக்கிள் இங்கே பிறந்தது. அந்த ஆங்கிலக் கம்பெனியின் தலைவர் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு பெயரில் ஓர் ஆஸ்பத்திரி வந்தது. ஸ்டெட்ஃபோர்டு யார் என்று தெரியாமலேயே, "ஸ்டெட்ஃபோர்டுலதான் பிரசவம்" என்று சொல்லும் குடும்பங்கள் இந்த அரங்கிலேயே இருக்கும். 1960களின் தொடக்கத்தில் பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் ஆலைகள் வரிசையாக எழுந்தன: லூகாஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். கிண்டித் தொழிற்பேட்டை வெற்றி பெற்ற தெம்பில், தொழில் அமைச்சர் ஆர். வெங்கட்ராமன் காலத்தில், ஆயிரம் ஏக்கருக்கு மேல் எடுத்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அமைத்தார்கள். ஷெட் எடுத்தவர்களில் பலரிடம் பெரிய பணம் ஏதும் கிடையாது. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், பெரிய ஆலையில் வேலை பார்த்துக் கற்ற தொழில், அவ்வளவுதான் முதலீடு. திருவள்ளூரிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் சீசன் டிக்கெட்டோடும் சாப்பாட்டுத் தூக்கோடும் வந்து இறங்கிய டர்னரும் ஃபிட்டரும்தான் அவர்களுக்குப் பலம். இவர்களை முன்னோடிகள் என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது?

அந்த ஆயிரம் ஏக்கர் எங்கிருந்து வந்தது? ஏரிப் பாசன வயல்களும் மேய்ச்சல் வெளிகளும் உள்ள பூமி இது. கொரட்டூர் ஏரியும் அம்பத்தூர் ஏரியும் எஞ்சிய சாட்சிகள். அந்நாளில் நிலம் எடுத்தது 1894-ஆம் ஆண்டுச் சட்டப்படி. அரசிதழில் அறிவிப்பு வரும்: கிராமம், சர்வே எண், பரப்பு, பட்டாதாரர் பெயர். அந்தப் பழைய அரசிதழ்களைப் புரட்டினால் நிலம் கொடுத்தவர்கள் பெயர் கிடைக்கும். ஆனால் அந்த வயலில் நாற்று நட்டவர், ஏர் பிடித்தவர், குத்தகைக்கு உழுதவர், ஏரியில் மதகு திறந்த நீர்க்கட்டி, மாடு மேய்த்தவர் இவர்களில் பட்டா இல்லாதவர் யார் பெயரும் அதில் இருக்காது. அமெரிக்கப் பலகையில் விடுபட்ட அதே வரி நம் அரசிதழிலும் விடுபட்டிருக்கிறது. நாம் அந்தத் தவறைக் கல்லில் ஏற்ற வேண்டாம் என்பதுதான் என் விண்ணப்பம்.

அதற்கு அமெரிக்காவையோ லண்டனின் நீல வட்டப் பலகைகளையோ காப்பியடிக்க வேண்டியதில்லை. சோழர் காலத்து நிலக்கொடைக் கல்வெட்டைப் படித்தால் போதும். அரசனின் ஆட்சி ஆண்டு, எந்தக் கோட்டம், எந்த நாடு, எந்த ஊர், கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார் என்று வரும். பிறகு நான்கு எல்லை: கிழக்கில் எந்த வாய்க்கால், தெற்கில் யார் நிலம், மேற்கில் எந்த ஏரிக்கரை, வடக்கில் எந்த வழி. பிறகு சாட்சிகள், எழுதிய கணக்கன், பல இடங்களில் வெட்டிய கல்தச்சன் பெயரும். இதை அழிப்பவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்ற எச்சரிக்கையோடு முடியும். போஸ்டர் ஒட்டுகிறவர்களுக்கு இந்தக் கடைசி வரியை நாம் வைத்துக்கொள்ளலாம்.

தொழிற்பேட்டை வாசலில் வைக்க ஒரு வாசகம் எழுதிப் பார்த்தேன். கேளுங்கள், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

'இவ்விடம் புழல் கோட்டமாக இருந்து, செங்கற்பட்டு மாவட்டமாகி, இன்று சென்னை மாநகராட்சியில் அடங்கிய அம்பத்தூர். கீழெல்லை மண்ணூர்பேட்டைக்கு மேற்கு. தென்னெல்லை முகப்பேருக்கு வடக்கு. மேலெல்லை அத்திப்பட்டுக்குக் கிழக்கு. வடவெல்லை பட்டரவாக்கத்துக்குத் தெற்கு. இந்நான்கு எல்லைக்குள் நெல் விளைந்த நிலத்தை 1960களில் அரசு எடுத்துத் தொழிற்பேட்டை ஆக்கிற்று. நிலம் விட்டவர் இன்னின்னார். பட்டா இன்றி இதில் உழைத்தவர் இன்னின்னார். முதல் ஷெட்டில் முதல் லேத்தை ஓட்டியவர் இன்னார். இக்கல் வெட்டியவர் இன்னார்.'

அமைச்சர் பெயர் எங்கே என்று முன்வரிசையில் ஒருவர் புருவத்தை உயர்த்துகிறார். தாராளமாகப் போடலாம், மற்றவர்கள் பெயர் இருக்கும் அதே எழுத்து அளவில்.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். காம்பவுண்டுச் சுவரில் வைத்தால் நாளைக்கே போஸ்டர் விழும். மேம்பாலம் வந்தால் சுவரே போகும். ரயில் நிலைய நடைமேடையில், பஸ் நிறுத்த நிழற்குடைக்குள், உட்கார்ந்தவர் கண் மட்டத்தில் வைக்க வேண்டும். காத்திருக்கிறவனுக்குத்தான் படிக்க நேரம் இருக்கும். உலோகம் வேண்டாம், ஒரே ராத்திரியில் காயலாங்கடைக்குப் போய்விடும். கருங்கல்லில் ஆழமாக வெட்டுவது நல்லது. பூந்தமல்லியில் பார்வையற்றோர் பள்ளி இருக்கிற வட்டாரம் இது, பிரெய்லியிலும் ஒரு பலகை இருக்கட்டும். முதல் கட்டமாக நான்கு போதும்: பூந்தமல்லியில் ஐயப்ப நாயக்கருக்கு, ஆவடி நிலையத்தில் 1856 பாதைக்கும் 1955 மாநாட்டுக்கும் சேர்த்து, செங்குன்றத்தில் கல் சுமந்த தண்டவாளத்துக்கு, இங்கே தொழிற்பேட்டைக்கு. டன்லப் நிறுத்தத்துக்கும் ஒன்று கேட்பார்கள் என்று தெரியும். அங்கே வேலை பார்த்தவர்களே வாசகம் எழுதிக் கொடுத்தால் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

'இன்னார்' என்று விட்ட இடங்களை நிரப்ப வேண்டும். 1965-இல் இருபது வயதில் லேத் பிடித்தவருக்கு இன்று எண்பது. நாற்று நட்ட அம்மாவுக்கு அதற்கும் மேலே. அரசிதழ் எப்போதும் இருக்கும், அவர்கள் இருக்க மாட்டார்கள். வெளியே மேஜையில் ஒரு நீள நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர் பெயர், எந்த ஊர், எந்த வயல் அல்லது எந்த ஷெட், எந்த வருடத்திலிருந்து என்று நான்கு கட்டம் போட்டிருக்கிறது. தெரிந்ததை எழுதுங்கள். வருடம் சரியாக நினைவில்லை என்றால் 'பெரிய வெள்ளம் வந்த வருஷம்', 'தங்கச்சி கல்யாண வருஷம்' என்று எழுதினாலும் போதும், கண்டுபிடித்துக்கொள்ளலாம். எழுதிவிட்டுக் காபிக்கு வாருங்கள். பேனா இரண்டுதான் இருக்கிறது, முண்டியடிக்க வேண்டாம்.